தியேட்டர்ல கொஞ்சம் பேசாம இருங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

தியேட்டர்ல பக்கத்துல பேசுறாங்கன்னு சொன்னாலே "அப்போ வீட்லயே ஓடிடில பாத்துக்க வேண்டியதுதானே"ன்னு பதில் வருது. எங்க அப்பாவுக்குப் பெரிய திரையில பாத்தாதான் படம். அவர் காதுக்கு மெஷின் வச்சிருக்கார், அந்த மெஷின் வசனத்த மட்டும் தனியா பொறுக்கி எடுத்துக் குடுக்காதுங்க, பின்னாடி சீட்டுக்காரர் பேசுறது, பாப்கார்ன் கவர் சத்தம் எல்லாத்தையும் சேத்துக் கூட்டித்தான் குடுக்கும்.

போன மாசம் கூட்டிட்டுப் போயிருந்தேன். இடைவேளைக்கு அப்புறம் நல்ல சீன், அம்மாவும் பொண்ணும் ரொம்ப மெதுவா பேசிக்கிறாங்க, அந்த நேரம் பாத்து பின்னாடி ஒருத்தர் ஃபோன எடுத்து "தியேட்டர்லதான் இருக்கேன், சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சவர் பத்திரப்பதிவுக்கு யார் யார் வரணும், டோக்கன் போட்டாச்சாங்கற வரைக்கும் பேசி முடிச்சுட்டுதான் வச்சார். அப்பா என் பக்கம் சாஞ்சு "அந்தப் புள்ள என்னம்மா சொல்லுச்சு?"ன்னு கேக்குறார். நான் அவர் காதுல சொன்னா முன் சீட்டுக்காரங்க என்னையத் திரும்பி முறைக்கிறாங்க, சொல்லலேன்னா அவருக்குப் படமே போச்சு. வெளிய வந்து அங்க வேலை பாக்குறவங்ககிட்ட சொன்னதுக்கு "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க"ன்னுட்டாங்க.

முதல் நாள் முதல் காட்சியில விசில் அடிக்கிறதையோ ஹீரோ வரும்போது கத்துறதையோ நான் சொல்லல. அது எல்லாரும் சேந்து பண்ற கொண்டாட்டம், அப்பாவே கை தட்டுவார். கைக்குழந்தை அழுதா அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா சொந்தக் கதை பேசுறது, ஏற்கனவே பாத்தவர் அடுத்த சீன முன்கூட்டியே சொல்றது, இதெல்லாம் மத்தவங்க காசு குடுத்து வாங்கின நேரத்த எடுத்துக்கறதுதான். 2012லயே சென்னை தியேட்டருக்கு டால்பி அட்மாஸ்ங்கற சவுண்டு சிஸ்டம் வந்துருச்சு, மழை தலைக்கு மேல பெய்யிற மாதிரி கேக்கணும்னு அவ்ளோ ஸ்பீக்கர் மாட்டி வச்சிருக்காங்க, அதுக்கு நடுவுல பத்திரப்பதிவு கேக்குது!

புகையிலை எச்சரிக்கைப் படத்த ஆரம்பத்துலயும் இடைவேளைக்கு அப்புறமும் 30 செகண்ட் கட்டாயம் போடுறாங்கல்ல, அதே மாதிரி "பேசாதீங்க, ஃபோன் வந்தா வெளிய போய் பேசுங்க"ன்னு நம்ம பேச்சுலயே ஒண்ணு போடட்டும். டார்ச் அடிச்சு சீட் காட்டுற அண்ணன் படம் ஆரம்பிச்சதும் வெளிய போயிடாம நடுவுல ரெண்டு தடவ உள்ள வந்து பாக்கட்டும், அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க, நாம சொன்னா சண்டைக்குதான் வர்றாங்க.

இன்னொண்ணும் கேக்கணும். காது கேக்காதவங்களும் பாக்குற மாதிரி படத்துல வசனத்த எழுத்துல காட்டணும்னு 2024 மார்ச்சுல மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டுதல் குடுத்துருக்கு. எங்க ஊர்ல தமிழ்ப் படத்துக்குத் தமிழ்லயே எழுத்து போட்டு ஓட்டி நான் இன்னும் பாக்கல. வாரத்துக்கு ஒரு ஷோ, அதுவும் கூட்டம் கம்மியா இருக்கற மத்தியான ஷோவா இருந்தாலும் பரவால்ல, அப்படிப் போட்டா அப்பாவ மொத ஆளா கூட்டிட்டு வர்றேன். தியேட்டர்காரங்க கண்ணுல படுற மாதிரி இத நீங்க பிரசுரிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை