முழங்கால் பட்டியைப் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள்: தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோட்ட முகாமையாளர்களுக்கும் நலன்புரி உத்தியோகத்தர்களுக்கும்,

கொழுந்தெடுக்கும் பெண்களின் முழங்கால் வலிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நல்ல காரியம். ஆனால் ஒரே அளவில் பட்டிகளை மொத்தமாக வாங்கி, வரிசையில் நிறுத்திக் கொடுத்துவிடாதீர்கள். பொருந்தாத பட்டியால் காசும் வீண், காலுக்கும் கெடுதல்.

முதலில் அளவெடுங்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, தசையைத் தளரவிட்டு, முழங்கால் சிரட்டையின் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். இடுப்பில் கட்டும் படங்குக்கோ துணிக்கோ மேலே அளப்பது பிழை. சில கம்பனிகள் சிரட்டைக்கு 15 செ.மீ. மேலே தொடையின் சுற்றளவையும் கேட்கும். ஒரு கம்பனியின் 'மீடியம்' இன்னொன்றின் 'லார்ஜ்' ஆக இருக்கலாம். ஆகவே எழுத்தை நம்பாமல், பெட்டியிலுள்ள அளவு அட்டவணையோடு சென்ரிமீற்றரை ஒப்பிடுங்கள்.

போட்டதும் பத்து நிமிடம் மேட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். விரல் நிறம் மாறினால், மரத்தால், பின்பக்கம் சுருண்டு வெட்டினால் அது அவருக்கு ஆகாது. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கும் நரம்பு போகிறது. அந்த இடத்தில் வாரை இறுக்கிக் கட்டி நாளெல்லாம் விட்டால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிடலாம். சரிவில் கூடையோடு நிற்பவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும்.

வலியைப் பார்த்துத்தான் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேய்மான வலிக்குச் சாதாரண உறைப் பட்டி சூடும் பிடிமானமும் தரும். பக்கவாட்டில் விலகும் முழங்காலை அது தாங்காது. இறக்கத்தில் சிரட்டையைச் சுற்றி வலிப்பவர்களுக்கு, முன்னால் வட்டத் துளையும் வளையமும் உள்ளது பொருந்தும். தசைநார் காயத்துக்கு இருபுறமும் கீல் வைத்தது வேண்டும். அதை வைத்தியரோ இயன்மருத்துவரோ பார்த்துத் தரட்டும்.

கையை மறந்துவிடாதீர்கள். பெருவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்தால் பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டி வேண்டும். வெறும் மணிக்கட்டுப் பட்டி அந்த விரலை ஆடவிட்டுவிடும். இரவில் விரல்கள் மரத்துப் போகிறவர்களுக்கு, தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியே போதும். இறுக்கமான ரப்பர் உறை போட்டால் நரம்பு இன்னும் நசுங்கும்.

கணுக்கால் பிசகினால், லேஸ் கட்டும் பட்டி சப்பாத்துக்குள்தான் நிற்கும். செருப்போடு போட்டால் வழுக்கும். கணுவின் பின்விளிம்பில் எலும்பை அழுத்தும்போது வலித்தாலோ, நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ பட்டி போடாதீர்கள். எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.

நம் மலையின் மழையைச் சொல்லாமல் விட முடியாது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் பட்டி நீரையும் வியர்வையையும் உள்ளே வைத்துக்கொள்ளும். தோல் அரிக்கும், புண்ணாகும். ஆளுக்கு இரண்டு கொடுத்தால்தான் ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம். மென்மையான சோப்பில் கழுவி நிழலில் காய வைக்கச் சொல்லுங்கள். லயத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் ரப்பர் விறைத்து வெடித்துவிடும். முழங்கால் உறையைப் போட்டபடி தூங்கவும் கூடாது.

காய்ச்சலோடு முழங்கால் சூடாகி வீங்கினால், மடக்கிய கால் நிமிராமல் பூட்டிக்கொண்டால், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சலரோகக்காரருக்கும் காலில் இரத்த நாளம் புடைத்தவருக்கும் வைத்தியரைக் கேட்காமல் இறுக்கப் பட்டி வேண்டாம்.

பட்டி மட்டும் வலியைத் தீர்க்காது. தொடைத் தசை பலப்பட வேண்டும். கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து விநாடி பிடித்து இறக்குவது, காலைக்கும் மாலைக்கும் பத்துப் பத்துத் தடவை, வீட்டிலேயே செய்யலாம்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு அளவு நாடா, போட்டுப் பார்க்க எல்லா அளவிலும் ஒவ்வொரு பட்டி, யாருக்கு எது கொடுத்தோம் என்று எழுத ஒரு கொப்பி. கொடுத்து இரண்டு கிழமையில் அவர்களை மறுபடி கூப்பிட்டு, காலையும் தோலையும் பாருங்கள்.

இப்படிக்கு,
மலையகத்தில் பணிபுரியும் இயன்மருத்துவர்கள் சிலர்