கம்பை நட்டுவிட்டுப் போன திருடன்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் குஞ்சுமீன் பிடிப்பதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, கடைசியில் 'பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், கடல்காரனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்' என்று முடித்திருந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. பசியின் மேல் பழி போடுவது ரொம்ப எளிது, அது வந்து மறுப்புக் கடிதம் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

1966 வாக்கில், அரிசிக்கு எல்லோரும் அல்லாடிய நேரம், எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், ஒரு ராத்திரி மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) களவு போனது. ஒரே ஒரு மூடு, ஒரு செடிதான். காலையில் போய்ப் பார்த்தால் கிழங்கைப் பறித்தவன் கம்பை ஒரு முழ நீளத்துக்கு ஒடித்து, திரும்ப முளைக்கட்டும் என்று அதே குழியில் குத்தி, மண்ணையும் காலால் அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். மாமா அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் தேடக் கிளம்பினார். பாட்டி விடவில்லை. "வயித்துக்கு எடுத்திருக்காம்டே, கம்ப நட்டுட்டுல்லா போயிருக்கான்" என்றாள், அதோடு விஷயம் முடிந்தது. அவளுக்குப் பசி தெரியும். 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனபோது திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது, நம் கன்னியாகுமரிப் பக்கம் அப்போது அந்த சமஸ்தானத்தில்தானே இருந்தது, எங்கள் வீட்டைப் போலப் பல வீடுகளில் மரச்சீனிதான் உயிரைப் பிடித்து வைத்தது. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊரெங்கும் நடச் சொல்லி ஊக்கப்படுத்தியதற்குப் பலன் அப்போது தெரிந்திருக்கும். தொட்டுக்கொள்ளச் சாளை, அதாவது மத்தி மீன், போட்ட புளிமுளக் குழம்பு கிடைத்தால் அன்றைக்கு விருந்து.

அந்தச் சாளைக்குத்தான் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பக்கத்து இறங்குதளம் ஒன்றுக்கு விடியற்காலையில் மீன் வாங்கப் போயிருந்தேன். ஒரு டெம்போ நின்றது. பின்பக்கம் முழுக்க விரல் நீளம்கூட இல்லாத சாளைக் குஞ்சு, மண்வெட்டியால் வாரிப் போட்டிருந்தார்கள், கீழே ரத்தத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஐஸ் ஒரு கட்டிகூட இல்லை. மனுஷர் தின்கிற மீன் என்றால் ஐஸ் போடாமல் இருப்பார்களா? கேட்டேன். மாவாக அரைக்க, கோழித் தீவனத்துக்கு என்றார்கள். யாருடைய பசி அது, சொல்லுங்கள். ஒரு வருஷம் விட்டால் பெரிதாகி, முட்டையும் போட்டு, நூறு அடுப்பில் வெந்திருக்கும் மீன். எல்லையில் இருக்கிற நீரோடி ஊரைத் தாண்டினால் கேரளம், அங்கே 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிப்பது குற்றம். மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது, வலைக்குத் தெரிந்தால் போதும்.

கடலில் போகிறவர்களுக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம், கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகில் பங்குக்குப் போகிறவன் வீட்டில் அந்த 61 நாளும் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும், அரசு தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்திய பிறகும் அதை வைத்து எத்தனை நாள் தள்ள முடியும். பக்கத்து வீட்டுப் பையனே விசைப்படகில் போகிறான். ஏண்டே குஞ்சை அள்ளுறீங்க என்று கேட்டதற்கு, "நாங்க விட்டா அடுத்த போட்டுக்காரன் அள்ளிருவான் டீச்சர்" என்றான். யோசித்துப் பார்த்தால் இது பசி பேசுகிற பேச்சு இல்லை. முழுப் பேராசை என்றும் சொல்ல வாய் வரவில்லை, பையன் நல்ல பையன். பயம்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துச் சம்பாதிக்கிறவன், குஞ்சை வாங்கி ஆலைக்கு அனுப்புகிறவன், படகிலேயே ஏறுவதில்லை. கம்பை நட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது, அவனுக்கு இது விளையே இல்லை, வெறும் லோடு. 2017இல் மத்திய அரசு எல்இடி விளக்கு வைத்து மீன் பிடிப்பதையும், இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற இரட்டைமடியையும் தடை செய்தது. அப்புறமும் அந்த வெளிச்சத்தைப் பற்றிக் கரையில் புகார் ஓயவில்லை.

சின்ன வயதில், கரையில் நின்றே வலையை இழுக்கிற கரமடியைப் பார்க்கப் போவோம். மடி கரையேறியதும், ஓரமாக நிற்கிற கிழவிகளுக்கு ஆளுக்கு ஒரு கை மீனை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். யாரும் இரண்டாவது தடவை கை நீட்டி நான் பார்த்ததில்லை.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன சீசனில் கிலோ 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வீட்டில் இரண்டே பேருக்கு ஐந்து கிலோ சாளை வாங்கி, ஃப்ரிட்ஜில் அடைத்து, பாதியைத் தென்னை மூட்டில் கொண்டு புதைத்தேன். பாட்டி இருந்திருந்தால் மாமாவின் அரிவாளை என் பக்கம் திருப்பியிருப்பாள்.

கட்டுரை எழுதியவர் அடுத்த தடவை இந்தப் பக்கம் வந்தால் படகுக்காரரிடம் பேசியதோடு கிளம்பிவிட வேண்டாம். காலை ஆறு மணிக்குள் வந்து டெம்போக்களை எட்டிப் பார்க்கட்டும், எதில் ஐஸ் இருக்கிறது, எதில் இல்லை என்று எண்ணி எழுதட்டும். ஐஸ் இல்லாத டெம்போ எந்த ஆலைக்குப் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குளச்சல் அருகிலிருந்து