லுவாங்வாவில் மழை இறங்கிய பிறகு

ம்ஃபுவே, ஜாம்பியா
டிசம்பர் 14

அன்பு மகள் யாழினிக்கு,

அக்டோபரில் நீ வந்திருந்தபோது லுவாங்வா ஆற்றங்கரையில் எடுத்த படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். வெயில் 40 டிகிரியைத் தாண்டிய அந்தப் பிற்பகலில், வற்றிச் சுருங்கிய மடுவில் நீர்யானைகள் ஒன்றின் முதுகில் ஒன்று தலை சாய்த்துக் கிடந்தன. "எவ்வளவு செழிப்பான காடு அப்பா!" என்றாய். உண்மையில் நீ பார்த்தது தண்ணீர்ப் பஞ்சத்தை. குடிக்க வேறு இடம் இல்லாததால்தான் அத்தனை விலங்குகளும் உன் கண்முன் வந்து நின்றன. அன்றே சொல்லியிருக்க வேண்டும், உன் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த மடு இல்லை. நவம்பர் பாதியில் மழை தொடங்கியது. முதல் மழை பெய்த இரவே விளக்கடியில் ஈசல் குவிந்தது, விடிந்ததும் மணலில் தம்பலப்பூச்சிகள் குங்குமம் சிந்தியதுபோல் ஊர்ந்தன. பட்டுப்போனவை என்று நீ நினைத்த மொபானே மரங்கள் இரண்டே வாரத்தில் தளிர்த்துவிட்டன. ஆற்றங்கரைப் பொந்துகளிலிருந்து செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஆறு செம்மண் நிறத்தில் கரையை அறுத்துக்கொண்டு ஏறுகிறது.

போன வாரம் அலுவலகத்தின் பின்புறம் ஓர் இம்பாலா மான் ஈன்றது. ஈரம் காயாத குட்டி முன்னங்கால்களை மடக்கி எழ முயன்று இரண்டு முறை விழுந்தது, மூன்றாம் முறை நின்றது. தாய் அதை நக்கிக்கொண்டே காதை மட்டும் புதர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. மழை வரும்வரை இம்பாலா ஈற்றைத் தள்ளிப்போடும் என்று இங்கே சிலர் சொல்வார்கள். கணக்குப் பிள்ளையான எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: மே மாதத்தில் இணைந்த மான் ஆறரை மாதம் சுமந்தால், ஈற்று நவம்பர் கடைசியில்தான் வந்து நிற்கும். சில வாரங்களுக்குள் எல்லாப் பெண்மான்களும் ஈன்றுவிடுவதால், சிறுத்தையும் காட்டுநாய்களும் பபூன் குரங்குகளும் தின்றது போகவும் குட்டிகள் மிஞ்சுகின்றன.

இனி விலங்குகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உள்காட்டுக் குட்டைகள் நிரம்பியதால் யானைகளுக்கு ஆற்றை நம்பியிருக்கும் தேவை இல்லை, புல்லும் உயர்ந்துவிட்டது. 9,050 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தெற்கு லுவாங்வா பூங்காவில் சில பாதைகள் மட்டுமே இப்போது வண்டி தாங்கும். மற்றவை கரிசல் மண், சக்கரம் இறங்கினால் அன்றைய பொழுது அங்கேதான். புல்லும் கழியும் கொண்டு கட்டிய உள்காட்டு முகாம்களை மழைக்கு முன்பே பிரித்துவிட்டார்கள். ஆனாலும் இங்கே மழையைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. 2024 பிப்ரவரியில் வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்த நாடு இது.

அடுத்த முறை ஜூலையில் வருவதாக எழுதியிருக்கிறாய். முடிந்தால் பிப்ரவரிக் கடைசியில் வா. ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன பழைய வளைவுகள் ஏரிகளாக நிரம்பியிருக்கும். என்செஃபு பகுதியில், நீரில் நிற்கும் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் நூற்றுக்கணக்கில் கூடு கட்டியிருக்கும். நம் கூந்தன்குளத்துச் சங்குவளை நாரைக்கு அவை நெருங்கிய சொந்தம். படகில் போய்ப் பார்க்கலாம். மலேரியா மாத்திரையை மறந்துவிடாதே. ரப்பர் பூட்ஸும் வாங்கி வா, உன் கால் அளவுக்கு இங்கே கிடைப்பதில்லை.

அன்புடன்,
அப்பா