பூட்டுவதற்கு முன் பத்து நிமிடம்

பொறியியல் கலந்தாய்வை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். கலந்தாய்வு தொடங்கிவிட்டால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. கல்லூரியையும் பிரிவையும் விருப்ப வரிசையில் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங்குக்குக் கூட்டம் வாசல்வரை நிற்கும். 2018இல் இதை ஆன்லைனுக்கு மாற்றினீர்கள். கைப்பையும் கட்டுச்சோறுமாகக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறுகிற அலைச்சல் ஒழிந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கலந்தாய்வு இப்போது யார் யாருக்குள் நடக்கிறது என்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்க்கிறேன்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். கட்-ஆஃப் 200க்கு 171. கல்லூரி எண்ணையும் பிரிவையும் நோட்டுத்தாளில் வரிசையாக எழுதி, ஹாஸ்டல் உள்ள கல்லூரிகளுக்குச் சிவப்பு மையில் புள்ளி வைத்திருந்தாள். முதல் பக்கம் முழுக்க சிவில். அப்பா கொத்தனார். கூட ஒரு மாமா. ஓசூரிலிருந்து போனில் இன்னொரு மாமா. “சி.எஸ். எல்லாத்தையும் மேல தூக்குங்க தம்பி, அடுத்து ஐ.டி., அப்புறம் ஏ.ஐ.” என்று அவர் சொல்லச் சொல்லப் பட்டியல் மாறியது. சிவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“கடைசியிலயாவது ஒண்ணு இருக்கட்டும்ப்பா” என்றாள்.

“வெயில்ல நான் வெந்தது பத்தாதா?” என்றார் அப்பா.

அந்த வார்த்தைக்கு யார் பதில் சொல்ல முடியும்? சிவில் படித்தவர்கள் கட்டட வடிவமைப்புக்கும் போகிறார்கள், பொதுப்பணித்துறைத் தேர்வும் எழுதுகிறார்கள் என்று இழுத்தேன். “நீங்க டைப் பண்ணுங்க தம்பி” என்றார் கூட வந்த மாமா. ஓ.டி.பி. அப்பாவின் செல்லுக்கு வந்தது. எண்ணை வாசித்தார். பட்டியலைப் பூட்டியாயிற்று.

நான் கேட்பது ஒன்றுதான். விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் மாணவரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேச ஓர் ஆளைப் போடுங்கள். மாவட்டந்தோறும் உங்கள் சேவை மையங்கள் இருக்கின்றன. ஒரு நாற்காலி போட்டால் போதும். அப்பாவும் மாமாக்களும் வெளியே டீ குடிக்கட்டும்.

பெற்றவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு என்னிடம்தான் வருகிறார்கள். எந்த நகை அடகில் இருக்கிறது என்பதுவரை பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஊரில் ஆலோசகர்கள் ரொம்பப் பேர். சலூனில் கத்தரி பிடிக்கிறவர்வரை டேட்டா சயின்ஸுக்கு உத்தரவாதம் தருகிறார். பெரியப்பா சொல்லலாம், அத்தை வீட்டுக்காரர் சொல்லலாம், ஃபிளக்ஸில் சிரிக்கிற கல்லூரித் தாளாளர் சொல்லலாம். நான்கு வருஷம் உட்கார்ந்து படிக்கப்போகிறவள் வாய் திறந்தால் மட்டும் ‘சின்னப் பொண்ணு, அவளுக்கென்ன தெரியும்.’ இதே பிள்ளைகள் பதினெட்டு முடிந்ததும் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க என் கடைக்கு வருவார்கள். ஆட்சியை மாற்றலாம், சாய்ஸ் லிஸ்டில் ஒரு வரியை மாற்ற முடியாது! பத்தாவது முடித்துக் குரூப் எடுக்கும்போதே ஆரம்பிக்கிற கூத்து இது. அதைப் பேசப் பள்ளிக்கல்வித் துறைக்குத் தனி மடல்தான் போட வேண்டும்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது.

அப்பா சொல்வதைத் தள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேசி முடித்த பிறகு அந்தப் பெண்ணே சி.எஸ். என்றாலும் சரி. அவள் வாயால் வரட்டும். முடிந்தால் ஓ.டி.பி. மாணவரின் எண்ணுக்கும் போகும்படி செய்யுங்கள். அது முடியாவிட்டால்கூட, அந்தப் பத்து நிமிடத்தையாவது தயவுசெய்து கொடுங்கள்.

அந்தப் பெண்ணின் சுற்று முடிந்துவிட்டது. அடுத்த சுற்றுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. உங்கள் சேவை மையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப அது போதும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர்காரன்