கதிருக்குப் பதினாறு வயது

நிஷிகசாய், டோக்கியோ
2 மார்ச் 2025

அன்புள்ள மரகதம்,

யாழினிக்கு விசா வந்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நாம் தூக்கிக் கொஞ்சிய பிள்ளை தனியாக விமானம் ஏறி என் ஊருக்குப் படிக்க வருகிறாள்! என்னென்ன பேப்பர் வேண்டும், இங்கே வந்ததும் எங்கே போய் நிற்க வேண்டும் என்று போனில் கேட்டாய். நீ போன் பேசுகிற அவசரத்தில் பாதி உன் காதில் ஏறாது, மீதியை அத்தானிடம் மாற்றிச் சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன். என் பிள்ளை கதிர் விஷயமும் ஒன்று இருக்கிறது. அதைப் போனில் ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீயும் சேர்ந்துகொள்வாய்.

இங்கே எல்லோரும் நலம். குளிர் இன்னும் விடவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் அன்று ராத்திரி முழுக்க நீதான் ஆஸ்பத்திரியில் இருந்தாய் என்று சாந்தி எழுதியிருந்தாள். நன்றி என்று எழுதினால் திட்டுவாய். எழுதவில்லை.

யாழினிக்கு முதல் வேலை, எல்லா சர்டிபிகேட்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார். பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துதான் இங்கே அரசு தருகிற அவள் அடையாளக் கார்டில் ஏறும். பிறகு வங்கி, போன், காலேஜ், வீட்டு வாடகை என்று எல்லாமே அந்தக் கார்டைப் பார்த்துத்தான். ஓரிடத்தில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்தால்கூட, "இது வேறு ஆள்" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளிவிடுவார்கள். முரட்டுத்தனமாக இல்லை, குனிந்து மன்னிப்புக் கேட்டபடியேதான் தள்ளுவார்கள். ஜப்பானிய எழுத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளட்டும். வங்கியில் 'யாரினி' என்றும் போன் கடையில் 'யாஜினி' என்றும் கொடுத்துவிட்டால், பிறகு அதைச் சரிசெய்ய அலைகிற அலைச்சல் சொல்லி மாளாது. ஒரிஜினல் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடக் கூடாது. ஹால்டிக்கெட் கதை உன்னோடு போகட்டும்டி.

நரிதாவில் இறங்கியதும் இமிகிரேஷன் கவுண்டரிலேயே அந்தக் கார்டை, வெளிநாட்டவர் இங்கே தங்குவதற்கான ஜைரியு கார்டை, கையில் கொடுத்துவிடுவார்கள். ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கும். பெயர், பிறந்த தேதி, எந்த நாடு, எதற்காக வந்திருக்கிறாள், எந்தத் தேதி வரை இருக்கலாம், வேலை பார்க்கலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கும். பகுதிநேர வேலைக்கான அனுமதியையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடச் சொல். படிவத்தை ஊரிலேயே அச்செடுத்து நிரப்பிக்கொண்டு வரட்டும். வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்று கார்டின் பின்பக்கம் முத்திரை குத்தித் தருவார்கள். அது இல்லாமல் ஒரு ஓட்டலில் தட்டு கழுவினால்கூடக் குற்றம். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவள் சொன்னால் கேட்காதே.

தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரியைப் பதிய வேண்டும். கார்டின் பின்பக்கம் முகவரி ஏறிய பிறகுதான் அவள் இந்த ஊர்க்காரி. மருத்துவக் காப்பீட்டையும் அதே ஆபீஸில் முடித்துவிடலாம். போன டிசம்பரிலிருந்து பழைய காப்பீட்டு அட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நம் ஆதார் மாதிரி மைநம்பர் கார்டு ஒன்று உண்டு, அது வரும் வரைக்கும் ஒரு காகிதம் தருவார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். பெரிய தலைவலி வங்கிதான். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களைப் பல வங்கிகள் திருப்பி அனுப்பிவிடும். கணக்குத் தொடங்க போன் நம்பர் கேட்பார்கள், போன் வாங்கப் போனால் வங்கிக் கணக்கு கேட்பார்கள். தபால் வங்கியில் மாணவர்களுக்குக் கணக்குத் தொடங்குவார்கள், முதலில் அங்கே போவோம். நானும் கூட வருகிறேன். இதற்காக நீ ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒன்றை மட்டும் அவளிடம் நீயே உட்கார்ந்து சொல். கார்டு இல்லாமல் வாசற்படி தாண்டக் கூடாது. எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாமல் மாட்டினால் 2 லட்சம் யென் வரை அபராதம், நம் பணத்தில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். போலீஸ் கேட்டுக் காட்ட மறுத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில்கூட உண்டு. பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும், மொட்டைமாடியில் காய்ந்த துணி பறந்து தெருவில் விழுந்து எடுக்க ஓடினாலும், சட்டத்தின் கண்ணில் எல்லாம் ஒன்றுதான்.

கதிர் விஷயமும் இந்தக் கார்டுதான்.

பதினாறு வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அவனுடைய பழைய கார்டில் போட்டோகூட இல்லை, என் பீரோவில்தான் கிடந்தது. பிறந்தநாளுக்கு முன்னால் ஷினகாவா இமிகிரேஷனில் கொடுத்துப் போட்டோ போட்ட கார்டாக மாற்றினோம். அன்றைக்கு அவனுக்கு ஒரே குஷி. பெரிய மனுஷன் ஆகிவிட்டானாம். ரயில் பாஸ் வைக்கிற உறையில் பின்பக்கமாகச் செருகி வைத்துக்கொண்டான். நாங்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டோம், பாயசம் வைத்துக் கொண்டாடினோம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, டியூஷன் முடிந்து கூட்டாளிகளோடு சைக்கிளில் வந்திருக்கிறான். அவனைத் தவிர மற்ற மூன்று பேரும் ஜப்பானியப் பிள்ளைகள். ஒரு பாலத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். திருட்டு சைக்கிளா என்று ஸ்டிக்கர் நம்பரைச் சரிபார்ப்பது இங்கே வழக்கம்தான், அதில் எனக்குக் கோபம் இல்லை. நான்கு சைக்கிளில் இவன் சைக்கிளை மட்டும் பார்த்தார்கள். அப்புறம், "கார்டு இருக்கா?" என்று இவனிடம் மட்டும் கேட்டார்கள். இவன் எடுத்துக் கொடுத்தான். ஒருவர் டார்ச் அடித்து முன்னும் பின்னும் படித்துவிட்டு, ரேடியோவில் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாராம். இரண்டு எழுத்து, எட்டு இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து. அதை அவர் ஒவ்வொன்றாக வாசித்த அதே தொனியில் கதிர் எனக்குச் சொல்லிக் காட்டினான். எல்லாம் சரியென்றதும், ஜாக்கிரதையாகப் போங்கள் என்று மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

அந்தப் பிள்ளைகள் மூன்று பேரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கூடவே நின்றார்கள். நல்ல பிள்ளைகள். ஒருவன் மட்டும் வரும் வழியில், "நீ இதை எப்பவும் வச்சிருக்கணுமா? எனக்குத் தெரியாதே" என்று கேட்டிருக்கிறான். தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரே பெஞ்சில் படித்தவன் அவன், நம் வீட்டுத் தோசை சாப்பிட்டு வளர்ந்தவன். அவனுக்கு அடையாள அட்டை எதுவும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அவனுக்குக் கதிரின் கார்டைப் பற்றி எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் கேட்டான்: "அம்மா, காலையில் ஓடப் போகும்போதும் எடுத்துக்கிட்டுப் போகணுமா? அந்த டிரவுசரில் பாக்கெட் இல்லையே."

மரகதம், கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவன் பாக்கெட்டைப் பற்றிக் கேட்டான். அடுத்த நாள் டிரவுசர் இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் மெல்லிய ஜிப் வைத்து ஒரு சின்னப் பை தைத்தேன். கார்டு வியர்வையில் நனையக் கூடாது என்று உள்ளே குடைத்துணி கொடுத்தேன். தைக்கும்போது கை நடுங்கியது. இந்த ஊரில் பிறந்தவன்டி அவன். பிறந்த 30 நாளுக்குள் "இங்கே இருக்க அனுமதி தாருங்கள்" என்று அவன் பெயரில் நான் விண்ணப்பம் கொடுத்தேன், தையல்கூட இன்னும் ஆறாத உடம்போடு. பிறந்ததால் மட்டும் இங்கே குடியுரிமை வராது, பெற்றோரில் ஒருவராவது ஜப்பானியராக இருக்க வேண்டும். தெரிந்துதான் இருக்கிறோம். அவனுக்கு இங்கே நிரந்தர அனுமதியே இருக்கிறது. இருந்தாலும் கார்டு இடுப்பில் இருக்க வேண்டும்.

அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1955-லிருந்து இங்கே வாழ்ந்த வெளிநாட்டவரிடம் பதிவுக்கு விரல் ரேகை எடுத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலானவர்கள் கொரியர்கள், போருக்கு முன்பே இங்கே வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். 1980-ல் ஹான் ஜொங்-சொக் என்பவர் ஷிஞ்சுகு வார்டு ஆபீஸில், ரேகை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் மேல் வழக்குப் போட்டார்கள். ஆனாலும் அடுத்த ஐந்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கானோர் அவர் பின்னால் நின்று மறுத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் உண்டு. 1993-ல் அந்தக் கொரியக் குடும்பங்களுக்கும் நிரந்தர அனுமதி உள்ளவர்களுக்கும் ரேகை நின்றது, 2000-ல் மற்ற எல்லோருக்கும் நின்றது. 2012 ஜூலையில் ஜைரியு கார்டு வந்தபோது, அந்தக் கொரியக் குடும்பங்களுக்குத் தனிச் சான்றிதழ் கொடுத்து, அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை என்று விட்டார்கள். முப்பது வருஷம் போராடிப் பெற்றது அது, அவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் தெருவில் கார்டு கேட்பது தப்பு என்று அரசே ஒருமுறை ஒப்புக்கொண்ட மாதிரிதானே இது? அப்படியென்றால் கதிருக்கும், பிரேசில், பிலிப்பைன்ஸ், நேபாளக் குடும்பங்களில் இங்கே பிறக்கிற பிள்ளைகளுக்கும் ஏன் அது இல்லை? இந்தக் கேள்வியை நான் இனி விடுவதாக இல்லை. பள்ளியில் மற்ற அம்மாக்களிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். ஒரு ஜப்பானிய அம்மா, அவள் மகனும் அன்றைக்குப் பாலத்தடியில் நின்றவன், வார்டு கவுன்சில் உறுப்பினரைப் பார்க்க என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கதிருக்குச் சிலது சொல்லிக் கொடுத்திருக்கிறேன், யாழினிக்கும் சொல்வேன். ஓடக் கூடாது. கார்டைக் காட்ட வேண்டும். ஆனால், "உங்கள் அடையாள அட்டையையும் காட்டுங்கள்" என்று போலீஸ்காரரிடம் பணிவாகக் கேட்கலாம். கேட்டால் அவர்கள் காட்டியாக வேண்டும், அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. எதற்காக நிறுத்தினீர்கள் என்றும் கேட்கலாம். அப்புறம் ஓட்டல் விஷயம். போன வருஷம் ஒரு சுற்றுலா ஊரில் வரவேற்பு மேசையில் எங்கள் பாஸ்போர்ட்டைக் கேட்டு விடாப்பிடியாக நின்றார்கள். 2005-லிருந்து உள்ள விதிப்படி, ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர்தான் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். இங்கே குடியிருப்பவர்கள் முகவரியை எழுதினால் போதும். யாழினி எங்காவது போனால் இது தெரிந்திருக்கட்டும்.

இப்போது வீட்டில் ஓடுகிற பேச்சு, ஜப்பானியக் குடியுரிமை வாங்கிவிடலாமா என்பது. இவர் சம்மதம்தான். வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. கார்டும் போய்விடும், டிரவுசரில் பை தேவையில்லை. ஆனால் முகம் அப்படியேதானே இருக்கும்? போன வருஷம் ஜனவரியில் மூன்று பேர், எங்கள் தோற்றத்தைப் பார்த்துத்தான் போலீஸ் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அதில் ஒருவர் பாகிஸ்தானில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கே வந்து, ஜப்பானியக் குடிமகனாகவே ஆனவர். அவரையும் நிறுத்துகிறார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இதில் பிடிப்பு விட்டுவிட்டது. காட்ட ஒரு கார்டுகூட இல்லாமல், "நான் இந்நாட்டவன்தான்" என்று என் பிள்ளை அந்தப் பாலத்தடியில் எப்படி நிரூபிப்பான்?

கதிரைக் கேட்டால், "இப்ப கேக்காதீங்க, பரீட்சை இருக்கு" என்கிறான். அதுவும் நியாயம்தான். பதினெட்டு வரைக்கும் காத்திருந்து அவனே முடிவு செய்யட்டும் என்பது என் எண்ணம். இவருக்கு அதுவரை பொறுமை இல்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. உன் மனசில் உள்ளதை மட்டும் எழுது, பெரியத்தை சொன்னது, பெரியத்தான் சொன்னது எல்லாம் வேண்டாம்.

யாழினியின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் விமான டிக்கெட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. பொடி, ஊறுகாய் எதுவும் கொடுத்துவிட வேண்டாம். இட்லிப் பொடி மட்டும் கொஞ்சம் கொடுத்துவிடு, கதிருக்கு.

உன்,
கலா