மறைக்காதே, மணி

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. தோட்டத்தின் தாழ்வான பக்கத்தில் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது. அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கொடைக்கானல் விடுதியில் நான்கு மாதம் பார்த்த வேலையைப் பயோடேட்டாவில் போடுவதா, விடுவதா என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நானும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மூன்றே மாதம் இருந்துவிட்டு விலகியவன். அதை மறைக்க, அதற்கு முந்தைய வேலையின் தேதியை மூன்று மாதம் நீட்டி எழுதினேன். குன்னூரில் நேர்காணல் நன்றாகவே நடந்தது. சேருவதற்கு முன் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விவரம் கேட்டார்கள். எத்தனை வேலை மாறினாலும் யு.ஏ.என். என்ற அந்தப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்றுதானே; சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, என் தாளை அதன் அருகே வைத்து, தேதியின் மேல் விரலை வைத்தார். "மூன்று மாதத்தில் விலகியது பெரிதில்லை. இதை ஏன் மாற்றினீர்கள்?" என்றார். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அந்த வேலை போயிற்று.

பயோடேட்டாவில் ஒரு வேலையைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது. ஆனால் நிறுவனம் தரும் படிவத்தில் எல்லா வேலைகளையும் கேட்டால் ஒன்று விடாமல் எழுது. அடியில் நீ கையெழுத்துப் போடுகிறாய்.

உன் விஷயத்தில், பயோடேட்டாவிலும் போடு என்பேன். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று பில் போட்டுப் பழகியவன் நீ. இன்னொரு விடுதியின் கணக்குப் பிரிவுக்கு அது வேண்டும். ஏன் விலகினாய் என்று கேட்டால், "கணக்கு வேலைக்குச் சேர்ந்தேன், இரவு வரவேற்புப் பணிக்கு மாற்றினார்கள், கணக்கிலேயே தொடர விரும்பி விலகினேன்" என்று சொல்லி நிறுத்திவிடு. முதலாளியைப் பற்றி என்னிடம் எழுதியதை அங்கே எடுக்காதே. உன் கோபம் நியாயமானது, ஆனால் கேட்பவருக்கு உன்னைத் தெரியாது.

வேலையிலிருந்து விடுவித்ததாக விடுதி தரும் ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிவிட்டாயா? பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பார். அவர்கள் ஏற்றாமல் விட்டால், அவர்கள் கட்டிய கடைசி பி.எஃப். பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஆதாரோடு இணைத்த செல்பேசியைக் கொண்டு நீயே ஏற்றலாம்.

புதிய பயோடேட்டாவை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு. பொங்கலுக்கு இங்கே வந்தால் உட்கார்ந்தே எழுதிவிடலாம். உனக்குப் பிடித்த வர்க்கியை வாங்கி வைப்பதாக அம்மா சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
செல்வம்