கேபின் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்து தலைகீழாக மாட்டியது குறித்துப் புகார்

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 30,000 கி.மீ. சர்வீஸில், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைத் தவறாகக் கையாண்டது. சர்வீஸ் அட்டவணையில் உள்ள ‘ஃபில்டர் சுத்தம்’ என்ற வரியை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்திலிருந்து வண்டியை எடுத்த மறுநாளே, ஏசி போட்டதும் மண்வாடை வந்தது. ஏசி காற்றைத் தள்ளும் ப்ளோயரை மூன்றாம் நிலைக்கு ஏற்றினால் ‘டகடக’வென்று சத்தமும் கேட்டது. க்ளோவ் பாக்ஸை இறக்கி ஃபில்டரை வெளியே எடுத்துப் பார்த்ததும் இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

இந்த மாடலில் காற்று மேலிருந்து ஃபில்டர் வழியாகக் கீழே ப்ளோயருக்கு இறங்குகிறது. ஆகவே ஃபில்டரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும். என் வண்டியில் அது மேல்நோக்கி இருந்தது. புது ஃபில்டரை இப்படி மாட்டினாலே தவறுதான்; பெரிய தூசியைப் பிடிக்கும் முரட்டு அடுக்கு முதலிலும் நுண்ணிய அடுக்கு பின்னாலும் இருக்கும்படி செய்த பொருள் அது. திருப்பிப் போட்டால் நுண்ணிய அடுக்கு முதலில் அடி வாங்கிச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பழைய ஃபில்டரைத் திருப்பிப் போடுவது இதைவிட மோசம். 10,000 கி.மீ. ஓட்டத்தில் சேர்ந்த அழுக்குப் பக்கம் இப்போது ப்ளோயரைப் பார்த்து நிற்கிறது. மடிப்புகளில் ஒட்டியிருந்த தூசியைக் காற்று பின்பக்கமிருந்து தள்ளி, நேராகக் கூலிங் காயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஏசி ஓடும்போது காயிலில் எப்போதும் ஈரம் இருக்கும். தூசி அங்கே சேறாகிப் படியும், பிறகு பூஞ்சை பிடிக்கும். மண்வாடை வந்தது இதனால்தான்.

சத்தத்துக்குக் காரணம் ப்ளோயர் விசிறிக்குள் கிடந்த ஒரு காய்ந்த இலைக்காம்பு. ஃபில்டரின் மேல் சருகு கிடந்தால், வெளியே இழுக்கும் முன் வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். அதன்பின் ஃபில்டரைச் சாய்க்காமல் மட்டமாக இழுக்க வேண்டும். சாய்த்தால் எல்லாம் நேரே விசிறிக்குள்தான் விழும். ஃபில்டர் மூடியின் இரண்டு கிளிப்புகளில் ஒன்று பூட்டாமலே விடப்பட்டிருந்தது. அந்த இடைவெளி வழியாக, காற்று வடிகட்டப்படாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

டெக்னீசியன் மீது மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. உங்கள் சர்வீஸ் அட்டவணையே 10,000 கி.மீ.யில் ‘சுத்தம்’, 20,000 கி.மீ.யில் ‘மாற்று’, 30,000 கி.மீ.யில் மறுபடி ‘சுத்தம்’ என்கிறது. இந்த ஃபில்டர் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் பொருளே அல்ல. இதன் இழைகளுக்கு இடையே உள்ள துளைகள் நுண்துகள்களைவிடப் பெரியவை. துகள்களை இழுத்துப் பிடிப்பது இழைகளில் ஏற்றிய நிலைமின்னூட்டம். தூசி படியப் படிய அதன் பலன் குறைகிறது. ஊதினால் அது திரும்பி வராது. வொர்க்‌ஷாப் ஏர் கன்னில் 6 முதல் 8 பார் அழுத்தம் இருக்கும். அதைக் கிட்டே பிடித்து அடித்தால் மடிப்பின் முனைகள் கிழிகின்றன. என் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்தபோது நான்கு மடிப்புகளில் ஊசித்துளை போல ஒளி தெரிந்தது. ஊதிய ஃபில்டரில் காற்று தாராளமாக வருவதைப் பார்த்து வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று வாடிக்கையாளர் நம்பிவிடுகிறார். அந்தக் காற்று கிழிசல் வழியாகவும் வரலாம்.

உங்கள் ஃபில்டர் கார்பன் அடுக்கு உள்ளது. வாயுவையும் நாற்றத்தையும் உறிஞ்சி நிறைந்த கார்பனை ஏர் கன் மீட்காது. கேபின் ஃபில்டருக்கான ஐஎஸ்ஓ 11155 என்ற சர்வதேசத் தரநிலையின் முதல் பகுதி துகள் பிடிப்பதையும், இரண்டாம் பகுதி வாயு உறிஞ்சுவதையும் சோதிக்கிறது. புது ஃபில்டர் அதில் பெற்ற முடிவு, கிழிந்து நிறைந்துபோன ஃபில்டருக்குப் பொருந்தாது.

என் கோரிக்கைகள் இவை. அட்டவணையில் ‘சுத்தம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘பரிசோதி, தேவையானால் மாற்று’ என்று போடுங்கள், 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அப்போது கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். தூசி மிகுந்த சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டும். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை ஃபில்டர் மூடியின் மேலேயே அச்சிடுங்கள். பெரிய செலவில்லாத வேலை, இந்தத் தவறு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். உரிமையாளர் கையேட்டிலும் படிகளைச் சேர்க்கலாம்: க்ளோவ் பாக்ஸின் பக்கவாட்டுக் கயிற்றைக் கழற்றி, இருபுறச் சுவர்களையும் உள்நோக்கி அமுக்கி இறக்கினால் மூடி தெரியும். கருவி எதுவும் வேண்டாம், பத்து நிமிட வேலை.

என் வண்டியைப் பொறுத்தவரை, புது கார்பன் ஃபில்டரைக் கட்டணமின்றி மாட்டித் தர வேண்டும். கூலிங் காயிலையும் கட்டணமின்றிச் சுத்தம் செய்ய வேண்டும். காயிலைக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் வாடை போகாது. கழுவியபின் ஏசி நீர் வடியும் குழாய் அடைக்காமல் சொட்டுகிறதா என்பதையும், வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளில் சருகு அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ‘ஃபில்டர் சுத்தம்’ என்று பில்லில் போட்ட கூலியைத் திருப்பித் தர வேண்டும். மாற்றும்போது நான் அருகில் நின்று பார்க்க அனுமதியுங்கள்; பழைய ஃபில்டர் என்னிடம்தான் இருக்கிறது, உங்கள் பொறியாளர் பரிசோதிக்க விரும்பினால் கொண்டுவருகிறேன்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல், பில் நகல், கழற்றும் முன்னும் பின்னும் எடுத்த ஃபில்டர் படங்கள்.